முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள்

முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடிக்கொண்டு நீங்கள் காடு மலை ஏற வேண்டாம். ஏதாவது ஒரு அலுவலக வரிசையில் போய் நில்லுங்கள். பின்னால் வந்தவர்களையெல்லாம் "பரவாயில்ல, நீங்க போங்க" என்று முன்னே அனுப்பிவிட்டு, தன் முறை வரும்போது ஜன்னல் சாத்தப்பட்டதும், சாத்தியவரைப் பார்த்தும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாரே ஒருவர், அவர்தான். அவர் நமக்கு உறவு. இன்னும் சொல்லப்போனால், நாங்கள் எல்லோருமே அவருக்கு உறவு.

இந்தச் சொல் பழைய சொல். இதன் பொருள் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் அதை யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு மனிதன் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடியவை என்று நம் பேச்சில் எத்தனை இருக்கின்றன, பாருங்கள். கை கொடுக்கலாம், ஆனால் கையைக் கொடுத்தால் கூடவே எழுந்து போய் யாருடைய பீரோவையாவது மாடியேற்ற வேண்டியிருக்கும். தோள் கொடுக்கலாம், மறுநாள் வலிக்கும். குரல் கொடுக்கலாம், மேலிடத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். காது கொடுக்கலாம், சாயங்காலம் முழுவதும் அதிலேயே போய்விடும். முகம் ஒன்றைத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுக்க முடியும். கொடுத்த பிறகும் அது நம்மிடமே இருக்கும். செலவே இல்லாத தானம். கன்னத்தில் கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற விதமும் அழகானது. ஒரு காரியமாக யாரையோ பார்க்கப் போய்விட்டு வந்தவரை, "என்னாச்சு, கிடைச்சுதா?" என்று கேளுங்கள்.

"கிடைக்கல. ஆனா மனுஷன் என்னமா முகம் கொடுத்துப் பேசினாரு தெரியுமா!"

சந்தோஷமாகத்தான் சொல்வார். தலை நிமிராமல் கையெழுத்தைப் போட்டு, முத்திரையைக் குத்தி, காரியத்தை முடித்துக் கொடுத்து அனுப்பினாரே இன்னொருவர், அவரைப் பற்றிக் கேளுங்கள். "வேலை முடிஞ்சுது. ஆனா முகம் கொடுத்துப் பேசவே இல்ல. என்ன திமிரு!" அந்தக் குறை அவரோடு கடைசி வரை கூட வரும். ஆக, காரியம் செய்யாதவருக்குப் பாராட்டும் செய்தவருக்கு வசவும் வழங்குவதற்கென்றே நாம் பத்திரமாக வைத்திருக்கும் சொல் இது.

எங்கள் இனத்தின் உத்தமமான மாதிரி ஒன்றைக் காட்டுகிறேன். சலவைக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண். உள்ளே நீராவி புஸ்ஸென்று கிளம்பிக்கொண்டிருக்கும் அறையிலிருந்து முதலாளியம்மா அவளை முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தியதே, "இந்தப் பொண்ணு நல்லா முகம் கொடுத்துப் பேசும்" என்பதற்காகத்தான். உண்மையில் அவள் பேசவே மாட்டாள். பேச்சு அவளுக்கு வராது. வராத பேச்சுக்குப் பதிலாக முகத்தை நீட்டிவிடுவாள். வந்தவர்கள் மீதியைத் தாங்களே பேசிக்கொள்வார்கள்.

சலவைக்கு வருகிறவர்கள் துணியை மட்டுமா கொண்டுவருகிறார்கள்? கறையையும் கறையின் சரித்திரத்தையும் சேர்த்தல்லவா கொண்டுவருகிறார்கள்? காபி யார் கையிலிருந்து கொட்டியது, கொட்டியவர் மன்னிப்புக் கேட்டாரா, கேட்டது மனசாரக் கேட்டதுபோல் இருந்ததா, அந்தக் குடும்பமே அப்படித்தானா என்று ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு புராணம் உண்டு. அவள் எல்லாவற்றுக்கும் "அப்படியா!" என்பாள். நீலப் பேனா மை போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் "பாத்துக்கலாம்" என்பாள். போகாத கறையோடு துணியைத் திருப்பித் தரும்போது அவள் முகத்தில் இருக்கிற வருத்தத்தைப் பார்த்து, துணிக்குச் சொந்தக்காரரே அவளைத் தேற்றிவிட்டுப் போவார்.

இதனால் அவளுக்கு மனிதர்களைப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். எதிரில் இருக்கிற முகம் தன்னால் ஒரு நொடி சுருங்கிவிடுமோ என்கிற பயம்தான் எங்கள் இனத்தின் மூலதனம். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்தது வெளியாட்கள். நாங்கள் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்கள் முகம் சுருங்குமே!

வீட்டில் கதையே வேறு. பகலெல்லாம் கொடுத்துத் தீர்த்த முகத்தை மாலையில் கதவுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே வருவாள். அம்மா ஏதாவது கேட்டால் "ம்". தங்கை ஏதாவது கேட்டால் அதுவும் இல்லை.

"அக்கா, ஊருக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சம் மீதி இருந்தா வீட்டுக்கும் கொஞ்சம் கொடேன்" என்பாள் தங்கை. "நாங்களும் வேணா ரெண்டு கறை பண்ணி எடுத்துட்டு வர்றோம்."

இப்படிப்பட்டவளுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்.

சலவைக்கடையில் ஒவ்வொரு துணியிலும் எண் எழுதிய துண்டுச்சீட்டைக் குண்டூசியால் குத்துவார்கள். இரண்டு கையும் துணியில் இருக்கும். குண்டூசிகள் உதட்டுக்கு நடுவில் இருக்கும். அப்படி நான்கைந்து ஊசியை அவள் வாயில் கவ்விக்கொண்டிருக்க, எதிரே ஒரு கூட்டமும் நின்றுகொண்டிருந்த ஒரு நாள், பிசியோதெரபி பார்க்கிற மேடம் தன் வெள்ளைக் கோட்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டுவிட்டு அவளையே உற்றுப் பார்த்தார்.

"நீ நம்ம லிஃப்ட் மெக்கானிக் பொண்ணுதானே? முட்டி வலின்னு அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வந்தியே? பார்த்த உடனே கண்டுபிடிச்சிட்டேன் பாரு!"

மேடம் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! வாயில் குண்டூசி இருக்கும்போது "இல்லை" என்று சொல்ல முடியாது. தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். தலையைப் பக்கவாட்டில் ஆட்டியிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் எங்கள் இனத்தைச் சேர்ந்தவர் இல்லை போலிருக்கிறது. எங்கள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. அவள் மேலும் கீழும் ஆட்டினாள். ஊசிகளை எடுத்து முடிப்பதற்குள் மேடம் போய்விட்டார்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அடுத்த வாரம் மேடம் வந்ததுமே, "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்றார். போன வாரம் ஆமாம் என்றவள் இந்த வாரம் இல்லை என்றால், மேடத்துக்கு எவ்வளவு சங்கடம்! ஒரே ஒரு தடவை "தேவல, மேடம்" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். சொன்னாள். பேச்சு முடியவில்லை, அன்றுதான் தொடங்கியது.

கோட்டுகள் வாராவாரம் அழுக்காகும். மேடம் வாராவாரம் வருவார். அவளுக்கு அப்பா இல்லை. இறந்து பல வருடம் ஆகிறது. ஆனாலும் கண்ணால் பார்த்தே இராத ஒரு மனிதருடைய முட்டியை அவள் வளர்த்தெடுக்கத் தொடங்கினாள். கெட்ட செய்தி சொன்னால் மேடம் முகம் வாடும். நல்ல செய்தி சொன்னால் மலரும். எதைச் சொல்வாள்?

"நடக்கிறாரா?"

"நடக்கிறார், மேடம்."

"படி?"

"படியும் ஏறுறார்."

"போற போக்கைப் பார்த்தா ஓட ஆரம்பிச்சிடுவார் போல?"

"ஓடல, மேடம்" என்றாள். அந்த அளவுக்கு அவளிடம் பொறுப்பு இருந்தது.

மேடம் மகிழ்ந்துபோனார். "ரெண்டு மாசமா ஆளைக் காணோமேன்னு பார்த்தேன். நல்லா நடமாடறதாலதான் வரலைபோல. அப்போ அவரோட ட்ரீட்மென்ட் நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்திடட்டுமா? ஒருத்தர் ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கார்."

"கொடுத்திடுங்க, மேடம். பாவம்."

காத்திருக்கிற அந்த யாரோ ஒருவர் மேலும் இரக்கம் பாருங்கள்! எங்கள் இரக்கத்துக்கு எல்லையே கிடையாது. அடுத்தவர் வீட்டிலிருந்து எடுத்துத்தான் அதை வழங்குவோம்.

அதற்கடுத்த தடவை மேடம் மூட்டையைக் கவுண்டரில் வைக்கவில்லை, எறிந்தார்.

"உங்க அப்பா நேத்து வந்திருந்தார்."

அவள் சிரித்தாள். பழக்கம்.

"என்னம்மா சிரிப்பு? அவர் இத்தனை நாள் வராதது நடமாடறதால இல்ல. அந்தக் கட்டடத்துல லிஃப்ட் கெட்டுப்போய்க் கிடக்கு. மூணு மாடி. நேத்து சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கி வந்திருக்கார். வந்து பார்த்தா அவரோட நேரத்துல வேற ஆளு படுத்திருக்கார். ஒரு வார்த்தை சொல்லலை. 'பரவாயில்ல'ன்னுட்டுத் திரும்பிப் போயிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? 'நீங்க படி ஏறுறீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாளே'ன்னு கேட்டேன். 'சொல்லியிருப்பா'ன்னார்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் சட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார், இவளிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதுபோல.

"இப்படியே விட்டா அந்த முட்டி மடங்காமலே போயிடும். அப்புறம் அந்த மாடியை விட்டு அவர் இறங்கவே மாட்டார். உனக்குப் புரியுதா? பெத்த அப்பாவைப் போய்ப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

நியாயமான ஒரு பெண் இந்த இடத்தில் என்ன சொல்வாள்? "மேடம், அவர் என் அப்பா இல்லை." சரி. நம் பெண் என்ன சொன்னாள்?

"மன்னிச்சிடுங்க, மேடம். இனிமே பார்த்துக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை உனக்காக க்ளினிக்கைத் திறந்து வைக்கிறேன். அவரைக் கூட்டிட்டு வா. மறுபடி நேரம் போட்டுத் தர்றேன்."

"சரி, மேடம்." பிறகு, தன் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான ஒரு கேள்வியைக் கேட்டாள். "மேடம்... அப்பா வீட்டுக்கு நீங்க எந்த வழியாப் போவீங்க?"

"உங்க வீட்டுக்கு என்னை வழி கேக்கிறியா?"

"இல்ல, சுத்து வழியில போறேனோன்னு..."

"தபால் ஆபீஸ் பின்னாடி இருக்கிற பச்சை கேட்டுக்கு என்னம்மா சுத்து வழி, நேர் வழி? அடிக்கடி போனாத்தானே தெரியும்!" என்று மேடம் போய்விட்டார். வழியில் ஒரு பாதி கிடைத்துவிட்டது. மூன்றாவது மாடி என்பது திட்டிலேயே வந்துவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னபோது தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, நிஜமாவே அவருக்கு முட்டி போயிடுமா?" என்றாள்.

"மேடம் அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப உடனே ஃபோன் பண்ணி 'நான் அவர் பொண்ணு இல்ல'ன்னு சொல்லு. அவங்க வேற ஏற்பாடு பண்ணட்டும்."

"சொல்லிடலாம்... ஆனா மேடம் முகம் எப்படி ஆயிடும்?"

"அவங்க முகத்தை அவங்க பார்த்துப்பாங்க. நீ எதுக்கு எல்லாரோட முகத்தையும் தூக்கிட்டு அலையறே?"

ஞாயிற்றுக்கிழமை அவள் பச்சை கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். லிஃப்ட் கதவில் "வேலை செய்யவில்லை" என்ற அட்டை தொங்கியது; அட்டையே பழுப்பேறிப்போயிருந்தது. படிகள் செங்குத்து. கைப்பிடி பாதியில் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது மாடி போய்ச் சேர்வதற்குள் அவளுக்கே மூச்சு வாங்கியது. படி ஏறுகிறார் என்று தான் கவுண்டரில் சிரித்துக்கொண்டே சொன்னது இந்தப் படியைத்தான் என்று அப்போது தெரிந்தது. யார் என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மூச்சோடு போய்விட்டது.

கதவு திறந்தது. உயரமான மனிதர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை ஒரு நொடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே! வாம்மா, வா!"

தெரிந்துகொண்டுவிட்டாரா? எப்படி?

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"எனக்கென்ன, இருக்கேன். வீட்ல எல்லாரும்?"

"நல்லா இருக்காங்க."

"பெரியவர்?"

பெரியவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. "அவரும் நல்லா இருக்கார்" என்றாள்.

"கேட்டதாச் சொல்லு."

"சொல்றேன்."

புரிந்துவிட்டதல்லவா? அவரும் எங்கள் ஆள்தான். வந்திருப்பது யார் என்று அவருக்கும் தெரியாது. கேட்டால் வந்த பெண் வருத்தப்படுமே என்று கேட்கவில்லை. இப்படியாக, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், இல்லாத ஒரு பெரியவருடைய உடம்பைப் பற்றித் திருப்தியாகப் பேசி முடித்தார்கள்.

"க்ளினிக்குக்குப் போயிட்டு வரலாமா?" என்றாள்.

"ஓ, போகலாமே!"

நீட்டிய காலில் ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினாள். இறங்கும்போது அவர் ஒரு கையைச் சுவரிலும் மறு கையை அவள் தோளிலும் ஊன்றினார். நல்ல கனம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று லிஃப்ட் கூண்டை முறைத்தார்.

"கதவு சென்சார்ல தூசிம்மா. பத்து நிமிஷ வேலை. ஆனா அதுக்கு முன்னாடி கரண்டை நிறுத்த நான் மேல மெஷின் ரூம்வரை ஏறணும். நான் மேல ஏறணும்னா லிஃப்ட் ஓடணும்." தானே சிரித்துக்கொண்டார். "ஊர்ல ஒருத்தரையும் படி ஏற விடாம வேலை பார்த்தவன் நான்."

க்ளினிக்கில் மேடம் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க சார், வாங்க! பார்த்தீங்களா, உங்க பொண்ணு சொன்னபடி வந்துட்டா!"

அவர் சட்டென்று நின்றார்.

"வந்திருக்காளா? எங்கே?"

முட்டி வலியை மறந்து முழு உடம்போடு திரும்பினார். பின்னால் கதவைப் பார்த்தார். வரவேற்பறையின் காலி நாற்காலிகளைப் பார்த்தார். கதவு திறக்கும் என்பதுபோல மறுபடி கதவைப் பார்த்தார். முகம் கொடுத்துப் பேசுகிறவர்களின் மலர்ச்சி இல்லை அது. அது வேறு. அந்தப் பெண் வாழ்நாளில் யாருக்கும் அப்படி ஒரு முகத்தைக் கொடுத்ததில்லை.

"எங்கேன்னா? இதோ, பக்கத்துல நிக்கிறாளே!" என்றார் மேடம்.

அவர் அவளைப் பார்த்தார். மெதுவாகப் புரிந்துகொண்டார். பிறகு அவருடைய முகம், பழக்கப்பட்ட அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஆமாமா" என்றார்.

இந்த இடத்தில் அவளும் சும்மா இருந்திருந்தால் மூன்று பேருக்கும் சுகம். நேரம் கிடைத்திருக்கும். மேடம் முகம் மலர்ந்தபடியே இருந்திருக்கும். ஆனால் அந்த "ஆமாமா" வருவதற்கு முன் கதவைப் பார்த்த அந்த முகத்தை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"நான் இவர் பொண்ணு இல்ல, மேடம்."

மேடம் முகம் சுருங்கியது. அவள் இத்தனை மாதமாகப் பயந்தபடியே, நெற்றி முதல் தாடை வரை சுருங்கியது. ஒன்றும் ஆகவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நீ யாரு?"

"சலவைக்கடை..."

"அது தெரியும்!"

குண்டூசியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு 'இல்ல' சொல்றதுக்கு இவ்வளவு நாளா? உன்னை நம்பி அவரோட நேரத்தை எடுத்துக் கொடுத்தேனே! சார், நீங்களாவது ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா? யாரோ ஒருத்தி வந்து கூப்பிட்டா கிளம்பிடறதா?"

"தெரிஞ்ச பொண்ணுபோல இருந்துது" என்றார் அவர். "கேட்டா தப்பா நினைச்சுக்குமோன்னு..."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு காரியத்துக்கு வந்தார். பழைய நேரம் போனது போனதுதான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் முதல் ஆளாகப் பார்க்கலாம். ஆனால் லிஃப்ட் சரியாகும்வரை யாராவது கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவர வேண்டும். "யார் கூட்டிட்டு வருவாங்க?"

"நான் கூட்டிட்டு வர்றேன், மேடம். ரெண்டு நாளும்" என்றாள் அவள். அந்தச் சிரிப்பு எங்கிருந்தோ ஓடிவந்து முகத்தில் ஏறிக்கொண்டது.

"அந்தச் சிரிப்பு வேணாம்மா" என்றார் லிஃப்ட் மெக்கானிக். குரலில் முதல் தடவையாக எரிச்சல் இருந்தது. "என் பொண்ணும் அப்படித்தான் சிரிப்பா. ஃபோன்லயே தெரியும். 'ஞாயித்துக்கிழமை வர்றேன்பா'ம்பா. 'சரிம்மா'ம்பேன். நல்லா முகம் கொடுத்துப் பேசுவா, குறையே சொல்ல முடியாது. நான் காலையிலேயே ஷூவை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஷூவை மாட்டறதுகூடப் பெரிசில்லம்மா. சாயங்காலம் கழட்டறதுதான்... சரி, விடு. நீ வருவியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலையில்தான் ஓட்டல்காரர்களின் விரிப்புகள் மலைபோல வந்து இறங்கும். கடையை விட்டு அசைய முடியாது. அது அவளுக்குத் தெரியும். "ரெண்டு நாளும்" என்று சொன்னபோதும் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் வியர்த்துவிட்டது. "வெள்ளிக்கிழமை முடியாது."

முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அந்த முகம் யாருடையதோபோல இருந்தது.

யாரும் சுருங்கவில்லை. "வெள்ளிக்கிழமை நான் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கிறேன்" என்றார் மேடம். லிஃப்ட் மெக்கானிக் தலையை ஆட்டினார்.

"அப்ப செவ்வாய்க்கிழமை மட்டும் ஷூ போட்டுக்கிறேன்" என்றார். ஏதோ பெரிய பரிசு கிடைத்ததுபோல இருந்தது அவர் குரல்.

அவள் திருந்திவிட்டாள் என்று நினைத்து ஏமாந்துபோகாதீர்கள். போகாத மைக்கறைக்கு இன்றும் "பாத்துக்கலாம்" என்றுதான் சொல்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கடைக்குத் தாமதமாக வருகிறாள். முதலாளியம்மா ஏன் என்று கேட்டால், சிரிக்காமல் காரணம் சொல்கிறாள். "இந்தப் பொண்ணு முன்னே மாதிரி முகம் கொடுத்துப் பேசறதில்ல" என்று கடையில் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது.

உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்கள். மிக்க சந்தோஷம். ஆனால் இரண்டாவது பத்தியிலேயே மூடி வைத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எழுதியவர் வருத்தப்படுவாரே என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். யாராவது கேட்டால் "நல்லா இருந்துது" என்றும் சொல்வீர்கள். நாங்களும் நம்பியதுபோலத் தலையாட்டிக்கொள்வோம். அதில் நஷ்டம் யாருக்கும் இல்லை.

அது கிடக்கட்டும். இந்த வாரம் யாரிடம் "வர்றேன்" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்?